துவக்கு கடைசியில் வரட்டும்

இறம்பொடைப் பக்கத்தில் பின்னேரம் நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிடுகிற நாட்கள் உண்டு. விறகுக்கட்டோடு குறுக்குப் பாதையால் லயத்துக்குத் திரும்பும் பெண், தேயிலைச் செடியின் அடியைக் கிளற வரும் காட்டுப்பன்றி, தொழிற்சாலை ஸ்டோரில் கைவைக்க வந்த திருடன் மூவரும் அந்த நேரத்தில் இருபது யார் தூரத்தில் ஒரே நிழல்தான். நிழலைப் பார்த்து நிற்கிற செக்கியூரிட்டிக்காரருக்கு அது பன்னிரண்டு மணி நேர வேலையின் பத்தாவது மணித்தியாலமாக இருக்கலாம். தோளில் 12 போர் துவக்கு தொங்குகிறது. தூரத்துக்கு அடிக்கிற டோர்ச் கையில் இருக்கிறதா, வேலை செய்கிற வோக்கி டோக்கி இடுப்பில் இருக்கிறதா, "யாரது, நில்லுங்க" என்று தமிழில் கூப்பிட அவருக்குத் தெரியுமா என்றெல்லாம் கேட்பவர் அரிது. ஆயுதம் தாங்கிய காவலின் தரத்தைப் பற்றிய நம் பேச்சு துவக்கில் தொடங்கித் துவக்கிலேயே முடிந்துவிடுகிறது. காவலாளிக்குக் கடைசியாகக் கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிட்டு, முதலில் கொடுக்க வேண்டியதையெல்லாம் செலவுக் குறைப்பு என்ற பெயரில் ஒப்பந்தத்திலிருந்து வெட்டிவிடுகிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

சட்டம் இல்லாத நாடல்ல இது. துவக்கு வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற விதி 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு அமைச்சில் பதிவு பெற வேண்டும். 2024 நவம்பரில், தனிப்பட்ட பாதுகாப்புக்காக வழங்கப்பட்டிருந்த ஆயுதங்களைத் திரும்பக் கையளிக்கச் சொல்லி, யாருக்கு அவை உண்மையில் தேவை என்று அமைச்சு மீளாய்வு செய்யத் தொடங்கியது. வரவேற்க வேண்டிய வேலை. ஆனால் கம்பெனிக்குப் பதிவும் துவக்குக்குப் பத்திரமும் இருப்பதோடு வேலை முடிந்துவிட்டதென்று வாடிக்கையாளரும் பொதுமக்களும் நினைத்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மனிதர் கடைசியாக எப்போது குறி பார்த்துச் சுட்டார், எந்தச் சூழ்நிலையில் சுடக்கூடாது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்ற கேள்வி அங்கேயே விடுபட்டுப்போகிறது. இந்தியாவில் 2005இல் வந்த தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டத்துக்காக 2006இல் எழுதப்பட்ட மாதிரி விதிகள் இந்தக் கேள்விக்கு மணிக்கணக்கில் பதில் சொல்லியிருந்தன: வகுப்பறையில் 100 மணித்தியாலம், களத்தில் 60 மணித்தியாலம், குறைந்தது 20 வேலை நாட்கள். அங்கே எல்லாக் காவலாளியும் அதை முடித்துவிட்டுத்தான் வாசலுக்கு வருகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. இத்தனை மணித்தியாலம் என்று எழுதிவைத்தால்தான் முடிக்காதவரைப் பிடிக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

"எங்கள் ஆட்கள் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், அவர்களுக்கு யார் துவக்குப் பிடிக்கப் பழக்க வேண்டும்?" என்பது உடனே வருகிற பதில். முப்பது வருட யுத்தம் நடந்த நாட்டில் இந்தப் பதிலுக்குக் கனம் அதிகம். அதே இந்திய விதிகள் முன்னாள் படையினருக்குப் பயிற்சியைக் குறைத்திருந்தன, நீக்கிவிடவில்லை: 40 மணித்தியாலம் வகுப்பறை, 16 மணித்தியாலம் களம். ஏன் நீக்கவில்லை என்பதற்கு 2012 பெப்ரவரி 15ஆம் திகதி கேரளக் கடலில் நடந்ததைப் பார்க்கலாம். என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு நின்ற கடற்படை வீரர்கள் செயின்ட் ஆன்டனி என்ற மீன்பிடிப் படகைக் கடற்கொள்ளைக் கப்பல் என்று எண்ணிச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழர். சுட்டவர்கள் கத்துக்குட்டிகளும் அல்லர், அவர்கள் கையில் இருந்தது துருப்பிடித்த ஆயுதமும் அல்ல. சேவையில் இருந்த, முறையான பயிற்சி பெற்ற வீரர்கள் அவர்கள். குறி தப்பவில்லை, கணிப்புத் தப்பியது. வழக்கு ஹேக் நடுவர் மன்றம் வரை போய், 10 கோடி இந்திய ரூபா இழப்பீட்டோடு 2021இல்தான் இந்திய உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. எதிரியை வெல்லப் பழகிய கைக்கு, எதிரே வருபவர் பெரும்பாலும் எதிரியே அல்ல என்கிற இடத்தில் நிற்க வேறொரு பழக்கம் வேண்டும். கப்பல் உலகம் இதை உணராமல் இல்லை: தனியார் கப்பல் காவல் நிறுவனங்களுக்கான ஐஎஸ்ஓ 28007 வழிகாட்டல் அதே 2012இல் வெளிவந்தது. காலித் துறைமுகத்தை மையமாக வைத்து ஆயுதக் காவலர்களைக் கப்பலேற்றி அனுப்பிய நம் நாடு, தரையில் நிற்கிற காவலாளிக்கும் அப்படியொரு அளவுகோலைக் கேட்பது பெரிய ஆசையாகாது.

தோட்டப் பகுதிக்கு இந்தக் கணிப்பு எவ்வளவு முக்கியம் என்பதைச் சட்டத்தை வைத்தே சொல்லலாம். செக்கியூரிட்டி உத்தியோகத்தர் பொலிஸ்காரர் அல்லர். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சாதாரணப் பிரசைக்குக் கொடுத்திருக்கிற கைது அதிகாரம்தான் அவருக்கும் உண்டு: கண் முன்னால் பாரதூரமான குற்றம் செய்பவரைப் பிடிக்கலாம், தாமதியாமல் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். சொத்தைக் காக்க உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போக நமது தண்டனைச் சட்டக்கோவை இடம் தருவது மிகச் சில தருணங்களில் மட்டுமே: கொள்ளை, இரவில் வீடுடைத்தல், குடியிருக்கும் இடத்துக்குத் தீ வைத்தல், தடுக்காவிட்டால் உயிரோ உடலோ போய்விடும் என்ற நியாயமான அச்சத்தைத் தரும் திருட்டு. ஒரு கட்டு விறகு இதில் எங்கும் வராது. பறித்து மறைத்த கொழுந்தும் வராது, ஓடுகிறவன் முதுகும் வராது. ஆயுதம் வைத்திருக்கிற ஒவ்வொரு காவலாளிக்கும் இது மனப்பாடமாக இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க ஒரு நாள் போதும். சொல்லிக்கொடுக்காமல் விட்டால் சுட்டவர் கூண்டில் நிற்பார், துவக்கைக் கொடுத்து அனுப்பிய நிறுவனம் அவரைக் கைகழுவிவிடும். தரம் கேட்பது காவலாளிக்கு எதிரான பேச்சு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முறையான பயிற்சியால் முதலில் காப்பாற்றப்படுபவர் அவரே.

மலையகத்துக்குத் துவக்கைப் பற்றி நீண்ட ஞாபகம் இருக்கிறது. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் இறந்தார். சம்பளத்துக்கும் காணிக்குமாக நடந்த போராட்டங்கள் அவை, சுட்டது அரசாங்கத்தின் பொலிஸ். அதனாலேயே முல்லோயாவுக்கு ஒரு விசாரணை ஆணைக்குழு வந்தது, அரசாங்க சபை வரை விவகாரம் போனது. தோட்டங்கள் 1992இல் பிராந்தியக் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு, காவலையும் ஒப்பந்தத்துக்கு விடுகிற வழி திறந்தது. முன்பிருந்த வாச்சர் பெரும்பாலும் அதே லயத்து ஆள். யார் வீட்டுப் பிள்ளை எந்த வழியால் போகும் என்பது அவருக்குத் தெரியும், அவர் கையில் இருந்தது தடியும் விளக்கும். ஒப்பந்தத்தில் வருகிறவர் வேறு மாவட்டத்திலிருந்து வரலாம், மூன்று மாதத்தில் மாறிப் போகலாம். சனத்தொகையில் பாதிக்கு மேல் தமிழர் வாழும் நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். சுடுவதற்கு முன் எச்சரிக்க வேண்டும் என்று எந்த ஒழுக்கக்கோவையிலும் எழுதியிருக்கும். கேட்பவருக்குப் புரியாத மொழியில் விடுகிற எச்சரிக்கையை எச்சரிக்கை என்று எப்படி எண்ணுவது? மொழியை நான் காவலாளியின் உபகரணங்களில் ஒன்றாகவே வைக்கிறேன். பத்துப் பதினைந்து வாக்கியம் போதும்: நில்லுங்க, யாரு, கையைக் காட்டுங்க, பயப்படாதீங்க, பெரியவரைக் கூப்பிடுங்க.

இனி உபகரணம். தனியார் காவலில் பரவலாகக் காண்பது 12 போர் துவக்குத்தான். தோட்டா வெடித்தால் ஈயக்குண்டுகள் விரிந்துகொண்டே போகும். நெரிசலான கடைவீதியில் அந்த விரிவுக்குள் யார் நிற்கிறார் என்பதைச் சுடுகிறவர் தேர்ந்தெடுக்க முடியாது. வங்கி வாசல் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்தால், துவக்கு அங்கே பாதுகாப்பா ஆபத்தா என்பதை இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லா வாசலுக்கும் ஒரே ஒப்பந்தம் எழுதக்கூடாது. மலைநாட்டு ஈரம் இன்னொரு சங்கதி. கடதாசி உறையுள்ள பழைய தோட்டா ஈரத்தில் ஊதி, அறைக்குள் சிக்கிக்கொள்ளும். குழாய்க்குள் துரு ஏறும். வழுக்கி விழுந்தபோது வாய்க்குள் சேறு அடைத்துக்கொண்ட துவக்கைச் சுட்டால் குழாயே வெடித்துச் சுட்டவர் முகத்தில் அடிக்கக்கூடும். ஆகவே துடைக்கும் எண்ணெயும் கோலும், தோட்டாவை எண்ணி எழுதும் புத்தகமும், ஆண்டுக்கொருமுறை ஆயுதம் பழுதுபார்ப்பவர் பார்த்துக் கையொப்பமிட்ட சீட்டும் இல்லாத இடத்தில் துவக்கு இருக்கவே கூடாது. முறை மாறும்போது ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகிற அந்த ஒரு நிமிடம் கைதவறி வெடிப்பதற்குத் தோதான நேரம். மணல் நிரப்பிய பெட்டியொன்றை வைத்து, துவக்கின் வாயை அதற்குள் காட்டித் தோட்டாவை எடுத்த பிறகே கைமாற்ற வேண்டும் என்ற ஒழுங்குக்கு ஆகும் செலவு ஒரு மரப்பெட்டியும் இரண்டு வாளி மணலும். டோர்ச், மழைக்கோட், வழுக்காத சப்பாத்து, தொலைபேசிச் சமிக்ஞை போகாத பள்ளத்திலும் பேசக்கூடிய வோக்கி டோக்கி, விசில், முதலுதவிப் பெட்டி எல்லாம் சேர்ந்தாலும் ஒரு துவக்கின் விலையைத் தாண்டுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

செலவுதான் பிரச்சினை என்பார்கள். தேயிலை விலை, பசளை, கூலி என்று கம்பெனிகள் அடுக்குகிற கணக்கில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் காவலின் விலை எங்கே குறைக்கப்படுகிறது என்று பாருங்கள். ஆகக் குறைந்த விலை சொன்ன நிறுவனத்துக்கு ஒப்பந்தம். அந்த விலைக்குள் நிற்பதற்காகப் பன்னிரண்டு மணி நேர முறை. மாற்று ஆள் வராவிட்டால் அவரே இரவையும் பார்க்க வேண்டும். சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டி ஊதியம் வாங்கி, தூக்கமும் இல்லாத ஒருவருக்கு உயிரைப் பறிக்கும் கருவியைக் கொடுப்பது சிக்கனமாகாது. கென்யாவில் வெண்ணெய்ப்பழமும் தேயிலையும் பயிரிடும் ககூசி தோட்டத்தில், காவலர்கள் சுற்றுப்புற மக்களை வதைத்தார்கள் என்று 2020இல் இலண்டனில் வழக்கு வந்தபோது, பிரித்தானியச் சூப்பர்மார்க்கெட் டெஸ்கோ கொள்வனவை இடைநிறுத்தியது. தாய்க் கம்பெனியான கமீலியா 2021இல் இழப்பீட்டுக்கு இணங்க வேண்டியதாயிற்று. காவலர் செய்தது காவலரோடு போகவில்லை, கப்பலேறிச் சந்தைவரை போனது. நமது தேயிலையும் அதே சந்தைகளுக்கும் போகிறது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு: கொள்ளைக்காரன் டி-56 ரகத் தானியங்கித் துப்பாக்கி கொண்டு வந்தால் டோர்ச்சும் விசிலும் என்ன செய்யும்? நியாயமான கேள்வி. துவக்கே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. பணம் கொண்டுபோகும் வாகனத்துக்கும் பெரிய வங்கிக்கும் ஆயுதம் தேவைப்படலாம். ஆனால் டி-56க்கு எதிரே இரட்டைக்குழல் துவக்கை நீட்டும் தனி மனிதர் வெல்லப்போவதும் இல்லை. அவரைக் காப்பாற்றுவது வாகனத்தின் இரும்பு, பூட்டின் நேரக்கட்டுப்பாடு, கமெரா, ஒரு பொத்தானை அழுத்தியவுடன் பொலிஸுக்குப் போகிற மணி. ஆயுதம் தேவையென்று தீர்மானித்த இடத்தில், அதைச் சுமப்பவர் வருடத்துக்கு எத்தனை தோட்டா சுட்டுப் பழகினார் என்பது கேட்கப்பட வேண்டும். பழகுவதற்குத் தோட்டா வாங்கிக் கொடுக்காத நிறுவனத்துக்கு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை எதற்கு?

அனுமதிப்பத்திரங்கள் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31ஆம் திகதியோடு காலாவதியாகின்றன. புதுப்பிக்கிற மேசையில் துவக்கின் இலக்கத்தைப் பதிகிறார்கள். அதே படிவத்தில் இன்னும் நாலு வரி சேர்க்கலாம்: இந்தத் துவக்கைச் சுமக்கப்போகிறவர் யார், எத்தனை மணித்தியாலம் பயின்றார், கடைசியாகச் சுட்டுப் பழகிய திகதி எது, காவல் நிற்கப்போகும் ஊரின் மொழி தெரியுமா. இந்த நாலு வரியும் நிரம்பாத விண்ணப்பத்தைப் பாதுகாப்பு அமைச்சு திருப்பி அனுப்பட்டும். நுவரெலியா, ஹட்டன், புசல்லாவைப் பக்கத்துத் தோட்டக் கம்பெனிகளும் வங்கிகளும் அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை; அடுத்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதே நாலு வரியைத் தாங்களே கேட்கலாம்.