மைக்ரான் பூச்சுக்கு 22,340 ரூபாய்

இதயத்தின் ரத்தக் குழாயில் பொருத்தப்படும் ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதித்தது. வெறும் உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய். மருந்துப் பூச்சு கொண்டது 29,600 ரூபாய். அதற்கு முன் பூச்சு ஸ்டென்ட்டின் சராசரி விலை லட்சத்தைத் தாண்டியிருந்தது. வரம்பு வந்த பிறகும், தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலத்துக்காக நோயாளி 22,340 ரூபாய் கூடுதலாக அழ வேண்டியிருந்தது. அதையும் பொறுக்காத அபாட், மெட்ரானிக் கம்பெனிகள் தங்கள் உயர்விலை ஸ்டென்ட்டுகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற அனுமதி கேட்டன.

உடலுக்குள் வைக்கப்படும் உலோகத்தின் உள்ளீட்டை உடல் அறியாது. எலும்பும் ரத்தமும் தொடுவது மேற்பரப்பை மட்டுமே. ஆகவேதான் இடுப்பு மூட்டின் டைட்டேனியத் தண்டின்மீது, எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்ஸிஅபடைட் தூளைப் பல்லாயிரம் டிகிரி வெப்பம் கொண்ட பிளாஸ்மாச் சுவாலையில் உருக்கித் தெளிக்கிறார்கள். எலும்பு அதைத் தன்னுடையதென ஏற்று, அதைப் பற்றி வளர்கிறது. மேற்பரப்பு தேய்ந்தால் நேர்வது என்ன? ஜான்சன் அண்டு ஜான்சனின் துணை நிறுவனமான டெப்யூ, 2010 ஆகஸ்டில் உலகெங்குமிருந்து திரும்பப் பெற்ற ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டைக் கேளுங்கள். உலோகத்தோடு உலோகம் உராய்ந்து கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. இந்திய நோயாளிகள் இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தனர்.

இத்தகைய தொழில்நுட்பம் பொதுத்துறைக்கு எட்டாது என்கிறார்கள் தாராளமயத்தின் வக்கீல்கள். பொய். அணுசக்தித் துறையின் கீழுள்ள காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் தொழிற்துறைப் பயன்பாட்டுக்கென்றே தனி மையம் நடத்துகிறது. ஐதராபாத்தில் ஒன்றிய அரசின் தூள் உலோகவியல் ஆய்வு மையம் தெளிப்புப் பூச்சுகளில் தேர்ந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டு, பின்னர் லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சென்றது. (அதன் உற்பத்தி டிடிகே என்னும் தனியார் குழுமத்தின் கைக்குப் போனதையும் சொல்லிவிட வேண்டும்.) அறிவு மக்கள் பணத்தில் விளைகிறது. அறுவடை வேறிடத்தில் நடக்கிறது.

ஆலைக்கு இடம் எங்கே என்று கேட்போர் கோலார் தங்கவயலுக்கு வரட்டும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கிய சுரங்கங்களில், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினர்; பெரும்பகுதியினர் தலித் மக்கள். நாட்டுக்குத் தங்கத்தைத் தந்து, நுரையீரலில் சிலிக்காத் தூசியைச் சுமந்தனர். 2001 பிப்ரவரி 28இல் வாஜ்பாய் ஆட்சி பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை மூடியது. பேரப்பிள்ளைகள் இன்று விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலை தேடி ஓடுகிறார்கள். இதே ஊரில் இயங்கும் பெமல் ஆலையில் உலோகத்தைக் கடைந்தும் பற்றவைத்தும் பழகிய கைகள் இருக்கின்றன. அந்தப் பெமலின் 26 விழுக்காட்டுப் பங்குகளை நிர்வாகத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ள 2021 ஜனவரியில் தனியாரை அழைத்தது மோடி அரசு. 2024இல் சுரங்கக் கழிவு மண்மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கழிவு மண்ணில்கூடத் தங்கம் தேடுகிறார்கள். மேட்டின் அடியில் குடியிருப்பவன் கண்ணில் படுவதில்லை.

விலை வரம்பே போதாதா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். சரக்கைத் திரும்பப் பெறுவோம் என்று மிரட்டும் கம்பெனியின் முன், கையில் சொந்த ஆலை இல்லாத அரசின் வரம்பு எத்தனை நாள் நிற்கும்? பெமல் விற்பனையைக் கைவிட வேண்டும். சுரங்க நிறுவனத்தின் நிலத்தை மனை வணிகத்துக்குத் தாரைவார்க்காமல், அங்கே மருத்துவ உள்பொருத்திகளுக்கான பொதுத்துறைப் பிளாஸ்மாப் பூச்சு ஆலையை நிறுவ வேண்டும். அதன் முதல் ஆட்சேர்ப்பு, மூடப்பட்ட சுரங்கத் தொழிலாளரின் குடும்பங்களிலிருந்து நடக்க வேண்டும்.