ஒரு அலைவரிசை, ரெண்டு பெயர்

சனல் ஐயும் நேத்ராவும் ரெண்டு தனித்தனிச் சனல் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற ஆக்கள் கொழும்பிலயே நிறையப் பேர் இருக்கினம். அப்படி இல்லை. ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் ஒரே அலைவரிசைதான், நேரத்துக்கு நேரம் பெயர் மாறும். தமிழ் ஓடும்போது நேத்ரா, விளையாட்டு ஓடும்போது சனல் ஐ. நேரடி மட்ச் வந்தால் யார் எழும்பி இடம் விடவேணும் எண்டு சொல்லத் தேவையில்லை.

மட்ச்சில எங்களுக்குக் கோபம் இல்லை, நாங்களும் பார்க்கிற ஆக்கள்தான். ஆனால் 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கினது. நாட்டில நாலில் ஒரு பங்கு ஆக்களின் மொழி இது. அதுக்கு அரச தொலைக்காட்சியில கிடைச்சது வாடகை அறை. சொந்தக்காரர் வந்தால் பாயைச் சுருட்டவேணும். ஐ.ரி.என். 2009இல் தொடங்கின வசந்தம் இருக்குத்தானே எண்டு கேட்பார்கள். இருக்கட்டும். தேசியத் தொலைக்காட்சி எண்டு பெயர் வைச்சிருக்கிற நிறுவனத்தின் கடமை அதால தீராது.

இதுவரைக்கும் சொல்லிவந்த சாட்டு, அலைவரிசை போதாது. அந்தச் சாட்டுக்கும் காலம் முடியப்போகுது. 2014இல் இலங்கை, ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-ரி டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்தது. (1982இல் ரூபவாஹினியைக் கட்டித் தந்ததும் ஜப்பான்தான்.) அந்த முறையில ஒரே அலைவரிசையில பல சனல்களை ஒரே நேரத்தில அனுப்பலாம். அமெரிக்காவில 2009இல் டிஜிட்டலுக்கு மாறின பிறகு உள்ளூர் நிலையம் ஒண்டு ஒரு அலைவரிசையிலயே 7.1, 7.2 எண்டு துணைச் சனல்கள் வைச்சிருக்கிறது சாதாரண விசயம். 7.1இல மட்ச் ஓட, 7.2இல தமிழ்ச் செய்தி ஓடலாம். ஒருத்தரும் ஒருத்தருக்காக எழும்பத் தேவையில்லை.

இங்க 2014இல் எடுத்த முடிவு இன்னும் வீட்டு அன்ரெனாவுக்கு வந்து சேரேல்லை. ஒளிபரப்புக்கெண்டு கட்டின தாமரைக் கோபுரத்தில ஆக்கள் டிக்கட் எடுத்து ஏறி செல்ஃபி எடுக்கினம்.

இன்னொரு பயமும் இருக்கு. அமெரிக்காவில அந்தத் துணைச் சனல்களை நிரப்புறது பெரும்பாலும் வெளியில இருந்து வாற வலையமைப்புகள், பழைய தொடர்களும் மறு ஒளிபரப்பும்தான். எங்களுக்கு அந்த வலையமைப்பு சென்னை. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில பின்னேரம் படியேறிப் பாருங்கோ, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலயும் சென்னைச் சீரியல் மாமியார் ஒராள் அழுதுகொண்டிருப்பா. மாதக்காசு கட்டி டிஷ் வைச்சிருக்கிற எங்களுக்கு அது ஏற்கனவே கிடைக்குது. அதையே அரச செலவில இன்னொருக்கா ஓடவிட்டுப்போட்டு "தமிழுக்குத் தனிச் சனல் குடுத்திட்டம்" எண்டு சொன்னால் நாங்கள் கைதட்டமாட்டம். தோட்டத்து லயத்தில சாதாரண அன்ரெனாவோட இருக்கிற வீட்டுக்குத் தேவையானது தமிழிலயே சேகரிச்சு எழுதின செய்தி. சிங்களச் செய்தி முடிஞ்ச பிறகு அவசரமா மொழிபெயர்த்து வாசிக்கிறதை அந்தக் கணக்கில சேர்க்கேலாது.

2020 மார்ச் ஊரடங்கை நினைச்சுப் பாருங்கோ. எந்த மாவட்டத்துக்கு எப்ப தளர்த்துறாங்கள் எண்டு சிங்களம் தெரிஞ்ச பக்கத்து வீட்டு அங்கிளிட்டக் கேட்டுத்தான் எங்கட அம்மாமார் பாண் வாங்கப் போனவை. கொழும்பில அங்கிள் இருந்தார். முல்லைத்தீவில?

ஜப்பான் முறையில அவசர எச்சரிக்கை வசதியும் இருக்கு. சுனாமி, வெள்ளம் எண்டால் பெட்டிக்கே நேரடியாகச் செய்தி வரும். அது எந்த மொழியில வரும்? பம்பலப்பிட்டிச் சந்தியில இருந்து சுதந்திரச் சதுக்கத்துக்கு ஓட்டோவில பத்து நிமிசம். டிஜிட்டல் அனுமதிப்பத்திரம் எழுத முதலே அங்க போய்க் கேட்கவேண்டிய கேள்வி இது. நேத்ராவுக்கு முழுநேரத் துணைச் சனல், அதுக்கெண்டு தனிச் செய்திப்பிரிவு, எச்சரிக்கை சிங்களத்தில வாற அதே நிமிசம் தமிழிலும். மூண்டையும் அந்தப் பத்திரத்திலயே எழுதவேணும்.