முகச் சுருக்கமும் முதுமை வெட்கமும்

முகத்துச் சுருக்கத்தை ஊசி போட்டு மறைத்துக்கொள்ளும் வழக்கம் சினிமாக்காரர்களோடு நின்ற காலம் போய்விட்டது. இன்று வேலூர் போன்ற ஊர்களிலும் அது பேச்சாகிவிட்டது. “ஆண்டவன் கொடுத்த முகத்தை மாற்றலாமா?” என்று வைதீகர்கள் கூச்சலிடலாம். ஆண்டவன் கொடுத்த தாடியைத் தினமும் சவரம் செய்துகொண்டு, பிள்ளைக்கு மொட்டையடித்துக் காதும் குத்துகிறவர்களுக்கு இதைப் பேச யோக்கியதை இல்லை. நமக்கு அந்தக் கூச்சலில் பங்குமில்லை.

ஊசியின் சங்கதிதான் என்ன? போடாக்ஸ் என்பது கெட்டுப்போன இறைச்சியில் வளரும் ஒரு கிருமியின் விஷமாகும். அது நரம்பு தசைக்கு இடும் கட்டளையைத் தடுத்துவிடுகிறது. தசை அசையாவிட்டால் மேல் தோல் மடிவதில்லை. இவ்வளவுதான் வித்தை. மூன்று நான்கு மாதத்தில் சுருக்கம் திரும்பிவிடும். பணமும் திரும்பக் கட்டவேண்டும். அமெரிக்கக் கண் வைத்தியர் ஆலன் ஸ்காட் இதை மாறுகண்ணுக்கு மருந்தாக்கினார். 1989-ல் அங்கு அனுமதி கிடைத்தது. சுருக்கத்துக்கு அனுமதி கிடைத்ததோ 2002-ல்தான். உயிர் கொல்லும் விஷத்தை அளந்து மருந்தாக்கியது மனித அறிவேயன்றி மந்திரமல்ல. அதை நாம் போற்றுகிறோம்.

நாம் கேட்பது வேறு. முகத்தைப் பற்றிய வெட்கத்தை உண்டாக்கினவன் யார்?

வேலூருக்கு இக்கேள்வி புதிதல்ல. 1946-ல் இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை ஆப்பரேஷன் செய்து நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தும், புருவ ரோமம் உதிர்ந்த முகம் நோயைக் காட்டிக் கொடுத்தது. ஆகவே தலைத் தோலை ரோமத்தோடு எடுத்துப் புருவமாக வைக்கவேண்டி வந்தது. நோய் தீர்ந்தவனுக்குப் புருவம் எதற்கு? அவனுக்காகவா? பூர்வஜென்ம பாவம் என்று கற்பிக்கப்பட்டு அவனைக் கண்டு விலகி ஓடிய நமக்காகத்தானே! தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த சட்டங்களே 2019-ல்தான் திருத்தப்பட்டன.

அன்று நோயாளிக்குக் கற்பித்த வெட்கத்தை இன்று நோயே இல்லாத பெண்ணுக்குக் கற்பிக்கிறார்கள். ஐம்பது வயது ஆணின் நரைத்த மீசை கௌரவமாம். அதே வயதுப் பெண்ணின் நெற்றிக் கோடு குறையாம். 94 வயதுவரை மேடை ஏறி, 1973 டிசம்பர் 24-ந் தேதி இதே வேலூர் ஆஸ்பத்திரியில் மறைந்த பெரியாரின் முகத்தில் சுருக்கத்துக்குக் குறைவில்லை. அதற்காக ஒருவரும் கூட்டத்தை விட்டு எழுந்து போகவில்லை. ஒரு கிழவி மேடை ஏறினால் நம் தோழர்களே முதலில் எதைப் பார்க்கிறார்கள்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோழர்களுக்குத் தோலைப்பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. (செத்த மாட்டின் தோலைத் தொட்டவனை ஒதுக்கிவிட்டு அத்தோலில் செய்த செருப்பை மாட்டிக்கொண்டு திரிந்த நாடல்லவா இது!) ஆம்பூர் ஷூ தொழிற்சாலைகளில் ஏராளமான பெண்கள் உழைக்கிறார்கள். மாலையில் வீடு திரும்பினால் அடுப்பு வேலையும் அவர்கள் தலையில்தான். இந்தப் பெண்ணிடம் வந்து, உன் நெற்றிக் கோடு அசிங்கம், பல ஆயிரம் ரூபாய் கொண்டுவா என்கிற விளம்பரக்காரனுக்கும், உன் ஜாதகத்தில் தோஷம், பரிகாரத்துக்குப் பணம் கொண்டுவா என்கிற புரோகிதனுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று உண்டு. ஊசி நாலு மாதமாவது வேலை செய்யும்.

விரும்பிப் போட்டுக்கொள்ளுகிறவர்களை நாம் தடுக்கவில்லை. அது அவரவர் சரீரம். ஆனால் ஊசி இடம் தவறினால் கண் இமை தொங்கிப்போகும். போலி மருந்தானால் மூச்சுக்கே ஆபத்து. ஆகையால் அழகு நிலையங்களில் கைநீட்டி உட்காராமல், ஊசி பிடிக்கிறவர் படித்துப் பதிவு பெற்ற டாக்டர்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முப்பது வயதுப் பெண்ணைப் பார்க்க வந்து “முகம் முற்றிவிட்டது” என்று சொல்லுகிறவர்கள் இருந்தால், மாப்பிள்ளையையும் சற்று வெளிச்சத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள்.