கறுப்புக் கட்டமும் பாலராமபுரம் தறியும்

கணினியில் மோட்டார் சைக்கிள், ஹெல்மெட், கைப்பேசி உறை என்று எதை வரைந்தாலும் அதன்மேல் கார்பன் இழைத் துணியைப் போர்த்திவிடுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. கறுப்பும் சாம்பலுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், மேலே கண்ணாடிப் பளபளப்பு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு படத்தை எடுத்துப் பாய் விரிப்பது போல விரித்தால் வேலை முடிந்தது. தத்ரூபமாக இருக்கிறது என்று பாராட்டும் கிடைத்துவிடுகிறது. என் அபிப்பிராயம் வேறு. நெசவு தெரியாதவர் வரையும் கார்பன் இழை தத்ரூபம் ஆகாது. அது ஸ்டிக்கரின் படம். அந்த ஸ்டிக்கரை எங்கள் களியக்காவிளையில் ஆட்டோக்களின் முதுகிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ரிட்டயர்டு குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மகள் வயிற்றுப் பேரன் வீட்டில் இருந்தபடியே கம்பெனிகளுக்குப் பொருள்களின் முப்பரிமாணப் படங்கள் செய்து கொடுக்கிறான். இந்தக் காலத்தில் பொருள் தயாராகும் முன்பே அதன் படம் தயாராகிவிடுகிறது; விற்பனை நடப்பதும் அந்தப் படத்தை வைத்துத்தான். ஒரு நாள் ஹெல்மெட் ஒன்றைத் திரையில் சுழற்றிக் காட்டி, "பாட்டா, உள்ளது மாதிரி இருக்கா?" என்றான். "மக்கா, இந்தத் துணியில் பாவு எது, ஊடை எது?" என்று கேட்டேன். விழித்தான். மறுநாள் பஸ் ஏற்றி, நெய்யாற்றின்கரை தாண்டி, பாலராமபுரம் கூட்டிக்கொண்டு போனேன்.

பாலராமபுரம் வேட்டியும் புடவையும் ஊரறிந்தவை. திருவிதாங்கூரில் பலராமவர்மா மன்னர் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து சாலியர்களை அழைத்துக் குடியமர்த்தியதாக வரலாறு. தரையில் குழி தோண்டி, அதில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்யும் குழித்தறி இன்னும் அங்கே இருக்கிறது. பேரன் அரைமணி நேரம் அசையாமல் நின்று பார்த்தான். கணினித் திரை தவிர வேறெதையும் அவ்வளவு நேரம் அவன் பார்த்து நான் கண்டதில்லை.

கார்பன் இழையும் அடிப்படையில் துணிதான். பெரும்பாலும் ஒரு செயற்கை நூலைக் காற்றுப் புகாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு எடுப்பது. ஒரு இழையின் தடிமன் ஐந்து முதல் ஏழு மைக்ரான், நம் தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு. அப்படி 3,000 இழைகளைச் சேர்த்தால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை. அந்தப் பட்டைகளைப் பாவாகவும் ஊடையாகவும் வைத்து நெய்து, எப்பாக்ஸிப் பிசினில் ஊறவைத்து இறுக்குகிறார்கள். வேட்டி நெசவு ஒன்றின் மேல், ஒன்றின் கீழ். நாம் படங்களில் காணும் கார்பன் துணியோ இரண்டின் மேல், இரண்டின் கீழ். அடுத்த வரியில் ஒரு பட்டை தள்ளி ஆரம்பம். அதனால்தான் அதில் சாய்வுக் கோடு ஓடுகிறது. ஜீன்ஸ் துணியின் சாய்வுக் கோடும் இந்தக் குடும்பம்தான். நான் படித்த பிரெஞ்சில் இதற்கு 'செர்ஷே' என்று பெயர். நீம் என்ற ஊரின் செர்ஷே, 'தெ நீம்', ஆங்கிலக்காரன் வாயில் டெனிம் ஆனது என்பார்கள்.

இவ்வளவு தெரிந்தால் பாதிப் படங்களின் குட்டு வெளிப்பட்டுவிடும். பட்டை 2 மில்லிமீட்டர் என்றால், அரை மீட்டர் நீளமுள்ள பெட்ரோல் டேங்கில் வரிசைக்கு 250 பட்டைகள் வர வேண்டும். பல படங்களில் எண்ணிப் பாருங்கள், ஐம்பதுகூட இருக்காது. பார்ப்பவனுக்குக் காரணம் புரியாது; ஆனால் வண்டி பொம்மை போலத் தோன்றும்.

வளைவில் இன்னும் மோசம். கார்பன் இழையை நூற்றுக்கு இரண்டு பங்கு இழுத்தாலே அறுந்துவிடும், ரப்பர் மாதிரி நீளாது. ஆகவே உருண்டையான இடத்தில் துணியைப் படிய வைக்கும்போது பட்டைகள் நீளமாவதில்லை. ஒன்றுக்கொன்று சாய்ந்து, சதுரக் கட்டங்கள் கோணலாகின்றன. கிராஸ் கட்டிங் ஜாக்கெட் தைக்கும் எந்தத் தையல்காரரும் இதைச் சொல்லுவார். திரையில் மட்டும் ஹெல்மெட்டின் உச்சியில் கட்டங்கள் பூதாகரமாக விரிகின்றன, அல்லது கிராஃப் நோட்டுப் போலச் சதுரம் மாறாமல் கிடக்கின்றன. அப்படி ஒரு துணியை உலகத்தில் எந்தத் தறியும் நெய்ததில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் வெளிச்சம். எண்ணெய் தேய்த்து வாரிப் பின்னிய சடையைப் பாருங்கள். மினுக்கம் புள்ளியாக விழாது. மயிருக்குக் குறுக்கே ஒரு பட்டையாக விழும். தலையைத் திருப்பினால் பின்னலில் ஒரு புரி மங்கும், பக்கத்துப் புரி மின்னும். கார்பன் துணியும் அப்படியே. பாவும் ஊடையும் ஒன்றுக்கொன்று குறுக்கே ஓடுவதால், ஒன்று பளிச்சென்று இருக்கும்போது மற்றது இருட்டாக இருக்கும். துணியைக் கால்வட்டம் திருப்பினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். கட்டம் கட்டமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். அங்கே இரண்டு நிறம் இல்லை, ஒரே கறுப்புதான்! படத்தை ஒட்டுகிறவர்கள் அந்த வெளிச்சத்தைச் சாம்பல் நிறமாக எண்ணிப் படத்திலேயே பதித்துவிடுகிறார்கள். பொருள் சுழலும், வெளிச்சம் அசையாது. உயிர் போய்விடுகிறது.

இந்த வெளிச்சக் கணக்கின் வரலாறு எனக்குப் பிடித்தமானது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இருவர் இதில் உழைத்தார்கள். ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஆன்ரி கூரோ. மற்றவர் ஹனோயில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்த புய் துவாங் ஃபோங். வழவழப்பான பொருளின் மேல் மினுக்கம் எப்படி விழும் என்று ஃபோங் எழுதிய சூத்திரம் 1975இல் அச்சில் வந்தது. அதே ஆண்டு 32 வயதில் அவர் இறந்துபோனார். ஆனால் அந்தச் சூத்திரம் தருவது உருண்டையான மினுக்கம். பிளாஸ்டிக் குடத்துக்குப் பொருந்தும், சடைக்குப் பொருந்தாது. 1989இல் கஜியா, கே என்ற இருவர் கரடிப் பொம்மையின் ரோமத்தை வரைவதற்காக இழைக்கென்றே தனிக் கணக்கு எழுதினார்கள். இன்று பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளிலேயே இழையின் திசைக்கு ஒரு வசதி, மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சுக்குத் தனியாக ஒரு வசதி உண்டு. கருவி இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. பாவின் திசையில் ஒன்று, ஊடையின் திசையில் ஒன்று எனச் சொல்லிக் கொடுத்தால் மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும். பாலராமபுரத்திலிருந்து வந்த இரண்டாம் நாள் பேரன் இதைச் செய்து முடித்தான். ஹெல்மெட் வேறு ஹெல்மெட் ஆகிவிட்டது.

ஒரு வேடிக்கை. அதே யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில்தான் 1981இல் ஓடிய மெக்லாரன் பந்தயக் காரின் கார்பன் உடல் தயாரானது. பந்தயக் காருக்கு முழுக் கார்பன் உடல் வந்தது அதிலிருந்துதான். அதன் துணி வெளியே தெரியாது, மேலே பெயின்ட். போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி இந்த வகைக் கலப்புப் பொருள்தான். பயணிக்கு அதில் ஒரு கட்டம்கூடத் தெரியாது. நமக்குக் கிழக்கே மகேந்திரகிரியில் 2024இல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்காகச் சோதித்த கார்பன் நாசிலிலும் கண்ணாடிப் பளபளப்பு கிடையாது. உண்மையாக உழைக்கும் கார்பன் பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. காட்டிக்கொள்வது அனேகமாக அலங்காரம்.

அலங்காரம் குற்றம் அல்ல. சினிமாவிலும் விளையாட்டிலும் வரும் கார் எதுவாலும் ஆகியிருக்கட்டும், அது வேஷம் என்று எல்லோருக்கும் தெரியும். விற்பனைக்கு வரும் ஹெல்மெட்டின் படம் அப்படி அல்லவே. பேரன் வரைந்த ஹெல்மெட் சாதாரணப் பிளாஸ்டிக் ஓடு, மேலே கார்பன் கட்டம் அச்சடிப்பதாகத் திட்டம். ஹெல்மெட்டின் தரத்தைச் சொல்வது ஐ.எஸ். 4151 என்ற எண்ணுள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரை, கறுப்புக் கட்டம் அல்ல. ஆனால் படத்தைப் பார்த்து வாங்கும் பையன் கார்பனுக்கென்று கூடுதல் காசு கொடுக்கிறான், அதன் பலம் தன் தலைமேல் இருப்பதாக நம்பி வேகத்தையும் கூட்டுகிறான். படம் எவ்வளவு தத்ரூபமோ அவ்வளவு நம்பிக்கை. மூலத்தைப் பார்க்காமல் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தாதே என்பது எங்கள் அலுவலகத்தில் முதல் பாடம். படம் வரைகிறவனுக்கும் அது உண்டு என்கிறேன்.

"தோற்றம் மட்டுமே கார்பன்" என்று ஒரு வரி போடச் சொன்னேன். பேரன் போட்டான். கம்பெனி அடித்துவிட்டது. "வரி இல்லை என்றால் கட்டமும் இல்லை" என்று எழுதிவிட்டு, மங்கலான கறுப்பில் படத்தை அனுப்பிவைத்தான். பணம் வந்தது, அடுத்த ஆர்டர் வரவில்லை. அவன் அம்மாவுக்கு என்மேல் வருத்தம். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தப் படத்தை இப்போது அவன் தன் திறமைக்குச் சான்றாக மற்றவர்களிடம் காட்டுகிறான், பெயர்ப்பட்டியலில் அந்த வரியோடு.

கணினி வரைகலை சொல்லித்தரும் மையங்கள் தங்கள் மாணவர்களை ஒரு நாள் தறிக்கூடத்துக்கு அழைத்துப் போகலாம். போகிறவர்கள் காலையிலேயே போங்கள். வெயில் உச்சிக்கு ஏறுமுன் வாசல் வழியாகச் சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் பாவும் ஊடையும் தனித்தனியாகத் தெரியும்.