அரணும் ஊரும்

தொடர்வண்டி தொலைவைச் சுருக்கியது. அதனோடு பயணத்தின் பயனையும் சுருக்கிவிட்டதோ என்னும் ஐயம், ஜப்பானின் பழைமையான கோட்டை நகரங்களுக்குச் செல்வோரைக் காணும்போது எழுகிறது. டோக்கியோவின் ஷிஞ்சுகு நிலையத்தில் காலையில் ‘அசுசா’ விரைவுத் தொடர்வண்டியில் ஏறுபவர், மலைகளினூடே ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் பயணம் செய்து நாகானோ மாகாணத்தின் மட்சுமோட்டோ நகரில் இறங்குகிறார். நிலையத்திலிருந்து கோட்டை நடந்து செல்லும் தொலைவில்தான் உள்ளது. அதைச் சுற்றிப் பார்த்து, ஒளிப்படம் எடுத்து, இரவுக்குள் தலைநகருக்குத் திரும்பிவிடலாம். அவ்வாறு திரும்புவோர் பலர். ஆனால், அவர்கள் கண்டது கோட்டையை மட்டுமே. கோட்டை நகரத்தை அன்று.

கோட்டை நகரம் என்பது யாது?

கோட்டையைச் சூழ்ந்து வளர்ந்த ஊரை ஜப்பானியர் ‘ஜோகாமாச்சி’ என்பர். நடுவில் தலைவனின் அரண். அதனை அடுத்துப் போர்வீரர் குடியிருப்பு. அப்பால் வணிகரும் கைவினைஞரும் வாழும் தெருக்கள். விளிம்பில் கோயில்கள் என அது திட்டமிட்டு அமைக்கப்பட்டது. பகைவர் நேராக விரைந்து நுழையாதபடி தெருக்கள் ஆங்காங்கே முழங்கைபோல் மடித்து அமைக்கப்பட்டன. ஆதலின், இத்தகைய ஊரில் தெருவும் அரணின் ஓர் உறுப்பே. தெருவை விட்டுவிட்டுக் கோட்டையை மட்டும் காண்பது, நூலின் அட்டையைப் பார்த்துவிட்டு நூலைப் படித்ததாகக் கூறுவதை ஒக்கும்.

மட்சுமோட்டோவின் கருநிறக் கோட்டை 1590களில் எழுப்பப்பட்டது. பழைய காலத்து மைய மாடம் அழியாமல் எஞ்சிய கோட்டைகள் ஜப்பானில் 12 மட்டுமே. அவற்றுள் தேசியப் புதையலாகப் போற்றப்படும் ஐந்தனுள் இதுவும் ஒன்று. புறத்தே ஐந்து நிலைகளாகத் தோன்றும் மாடம் உள்ளே ஆறு தளங்களைக் கொண்டது. படிகள் செங்குத்தானவை, சுவர்களில் அம்பு எய்யவும் துப்பாக்கி சுடவும் துளைகள் உள்ளன. போர்கள் ஓய்ந்தபின் சேர்க்கப்பட்ட நிலாமாடமோ மூன்று பக்கமும் திறந்து நிலவைக் காண்பதற்கே அமைந்தது. போரும் அமைதியும் ஒரே கட்டடத்தில் அருகருகே நிற்கின்றன.

காத்தவர் யார்?

இக்கோட்டை இன்றும் நிற்பதற்குக் காரணம் அரசர் அல்லர்; ஊர்மக்களே. மெய்ஜி ஆட்சியில் கோட்டைகள் பயனற்றவையாகக் கருதப்பட்டன. 1872இல் இதன் மாடம் ஏலத்தில் விற்கப்பட்டு, இடிக்கப்படும் நிலையை அடைந்தது. அப்போது இச்சிகாவா ரியோசோ என்னும் உள்ளூர்த் தலைவர் கோட்டைக்குள்ளேயே பொருட்காட்சிகள் நடத்தி, அவ்வருவாயைக் கொண்டு அதை மீட்க வழிசெய்தார். பின்னர் மாடம் சாயத் தொடங்கியபோது, பள்ளித் தலைமையாசிரியர் கோபயாஷி உனாரி முன்னின்று நன்கொடை திரட்டினார். 1903 முதல் 1913 வரை பழுதுபார்ப்பு நடைபெற்றது. 1876இல் கட்டப்பட்ட கைச்சிப் பள்ளிக்கான செலவிலும் பெரும்பகுதியை ஊர்மக்களே ஏற்றனர். அப்பள்ளிக் கட்டடம் 2019இல் தேசியப் புதையலாக அறிவிக்கப்பட்டது. அரணைக் காத்த ஊரை அறியாமல் அரணின் வரலாறு நிறைவு பெறாது.

தங்குவதன் பயன்

விடுமுறை குறுகியது, விடுதிக் கட்டணம் மிகுதி, வண்டியோ விரைவாகச் செல்கிறது. பிறகு ஏன் தங்க வேண்டும் என்று சிலர் வினவுவர். வினாவில் நியாயம் உண்டு. எல்லார்க்கும் பொருளும் பொழுதும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. ஆயினும், ஒரே பயணத்தில் நான்கு நகரங்களை எண்ணிக்கைக்காகத் தொட்டுவருவதைவிட, இரண்டைக் குறைத்து எஞ்சியவற்றில் ஓர் இரவேனும் தங்குவது செலவைக் கூட்டாமலே பயனைப் பெருக்கும்.

கோட்டையின் உள்வாயில் பொதுவாக மாலை 5 மணிக்கு மூடப்படுகிறது. கூட்டம் நிலையத்தை நோக்கிக் கலைந்தபின் அகழியின் அசையா நீரில் கரிய மாடத்தின் நிழல் தெளிகிறது. மெடோபா ஆற்றின் தென்கரையில் உள்ள நகமாச்சித் தெருவில், தீக்கு அஞ்சி வணிகர் தடித்த மண்சுவர் வைத்துக் கட்டிய வெண்ணிறப் பண்டகசாலைகள் இன்று கடைகளாகவும் உணவகங்களாகவும் விளங்குகின்றன. காலணியைக் கழற்றிவைத்துப் பாய் விரித்த அறையில் உறங்கி எழுபவர், விடியலில் ஊர்க் கிணறுகளில் மக்கள் நீர் முகந்து செல்வதையும், மேற்கே மலைத்தொடரில் முதல் வெயில் படிவதையும் காண்கிறார். இவற்றுள் எதுவும் பகல்நேரப் பயணிக்குக் கிட்டுவதில்லை.

ஊருக்கும் இதில் நன்மை உண்டு. நுழைவுக் கட்டணம் கோட்டையைப் பேண உதவும். ஆனால் விடுதியும் சிற்றுணவகமும் கைவினைக் கடையும் இரவு தங்குவோரால்தான் பெரிதும் வாழும். அவை மூடப்பட்டால், உயிருள்ள ஊரின் நடுவே நின்ற கோட்டை தனித்ததொரு காட்சிப்பொருளாகிவிடும்.

முற்காலத்தார் மலைவழியில் நாள்கணக்கில் நடந்து கடந்த தொலைவை, இன்று தொடர்வண்டி ஒரு முற்பகலில் கடக்கிறது. அவ்வாறு மிச்சமான பொழுதை அடுத்த ஊருக்கு விரைவதில் செலவிடுவதா, வந்த ஊரை அறிவதில் செலவிடுவதா என்பது பயணியின் கையில் உள்ளது. விரைந்து சேர்வதற்கு வண்டி உதவும். அறிந்துகொள்வதற்குக் கால்கள்தாம் உதவும்.