காரணத்தோடு அழைக்கும் சில்லு

கணினித்துறையில் பயிலும் தமிழ் மாணவர்கள் பலர். மகிழ்ச்சிதான். ஆனால், நாம் எழுதும் நிரல் ஒரு கோப்பைத் திறக்கும்போது அடியில் என்ன நடக்கிறது என்று கேட்டால், நம்மில் எத்தனை பேரால் விடை கூற இயலும்? ‘அது இயங்குதளத்தின் வேலை’ என்று ஒதுங்குவது பொறியியல் படிப்பவர்க்கு அழகன்று. அடித்தளத்தை அறிய ஒரு பழைய சில்லையே பாடமாக வைக்கலாம் என்பது என் கருத்து.

1990களில் என்.சி.ஆர். நிறுவனத்தின் 53சி810 சில்லு, வன்தட்டு முதலிய சாதனங்களை ‘ஸ்கசி’ பாட்டை வழியே கணினியோடு இணைத்தது. அப்பாட்டையில் கட்டளை, தரவு, நிலை, செய்தி எனக் கட்டங்கள் மாறி மாறி வரும். ஒவ்வொரு மாற்றத்திற்கும் மையச் செயலியைக் குறுக்கிட்டு அழைத்தால் அதன் வேலை என்னாவது? ஆகவே, ‘ஸ்கிரிப்ட்ஸ்’ எனும் சிறு நிரலைத் தானே இயக்கும் திறனைச் சில்லுக்குள்ளேயே வைத்தனர்.

அந்நிரலில் ‘இன்ட்’ என்பது குறுக்கீட்டுக் கட்டளை. அதற்கு நிபந்தனை விதிக்கலாம். ‘தரவு வரும் கட்டம் இல்லையென்றால் அழை’ என்று எழுதினால், எதிர்பார்த்த கட்டம் வரும்வரை செயலிக்குத் தொல்லையில்லை. சில்லு அடுத்த கட்டளைக்குச் சென்றுவிடும். வேறு கட்டம் வந்தால் மட்டுமே சில்லு நின்று செயலியை அழைக்கும். அப்போதும் வெறுங்கையோடு அழைப்பதில்லை. நிரலாளர் முன்கூட்டியே குறித்த 32 பிட் எண் ஒன்றைப் பதிவகத்தில் வைத்துவிடும். அதைப் படித்ததும் இயக்கிநிரலுக்குக் காரணம் விளங்கிவிடும்.

‘இன்ட்ஃபிளை’ என்ற மற்றொரு கட்டளையும் உண்டு. அது செய்தியை மட்டும் தெரிவித்துவிட்டு, நிற்காமல் வேலையைத் தொடரும். பணி முடிந்ததைச் சொல்ல இது போதும். பிழைக்கு ‘இன்ட்’ வேண்டும். நிபந்தனையிலும் நுட்பம் உண்டு. ‘வென்’ என்றால் புதிய கட்டம் உறுதியாகும்வரை சில்லு காத்திருந்து ஒப்பிடும். ‘இஃப்’ என்றால் காத்திராமல் உடனே ஒப்பிடும். இடம் மாற்றி எழுதினால், கடந்துபோன கட்டத்தை நம்பி முடிவெடுக்க நேரும். ஒரு சொல்லில் இத்தனை பொறுப்பு!

‘வழக்கொழிந்த சில்லைப் படித்து என்ன பயன்?’ என்று சிலர் வினவலாம். சில்லு பழையது, அது தீர்த்த சிக்கல் பழையதன்று. இன்றைய என்விஎம்இ சேமிப்பகங்களும் பல குறுக்கீடுகளை ஒன்றாகத் திரட்டிச் செயலியின் சுமையைக் குறைக்க வழி வைத்திருக்கின்றன. மேலும், கியூஎமு என்னும் கட்டற்ற மென்பொருள் 53சி810 சில்லைப் போலவே நடந்து காட்டுகிறது. அதன் மூலநிரலைத் திறந்து, ‘இன்ட்’ கட்டளை எவ்வாறு நிறைவேறுகிறது என்று வரி வரியாகப் பார்க்கலாம். இதற்குக் காசு தேவையில்லை, ஆர்வம் போதும்.

எனவே, நண்பர்களே! அடுத்த பருவத் திட்டப்பணிக்கு மற்றுமோர் இணையத்தளத்தை அமைப்பதற்குப் பதிலாக, இத்தகைய சில்லு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிறர் கட்டிய தளத்தின்மேல் நிற்பவர்களாக மட்டும் இராமல், தளத்தைக் கட்டத் தெரிந்தவர்களாகவும் நாம் உயர்வோம்!