உடம்பின் கணக்கு யார் கையில்?

பொட்டலம் கட்டும் ரப்பர் வளையத்தை அறியாதவர் நம்மில் இல்லை. அந்தச் சாதாரண வளையத்தைக் கொண்டே மனிதனின் மூச்சையும் நாடியையும் அளக்கலாம் என்று 2014-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் காட்டிவிட்டனர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியினரும் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தினரும் கூடிச் செய்த வேலை அது. வளையத்தை ஒரு திரவத்தில் ஊறவைத்து உப்பச் செய்து, கிராஃபீன் என்னும் மிக மெல்லிய கரித் தகடுகளை அதனுள் புகுத்தினார்கள். மின்சாரம் கடத்தாத ரப்பர் கடத்தத் தொடங்கிற்று. இழுத்தால் தகடுகள் ஒன்றைவிட்டொன்று விலகும். மின்சாரம் பாய்வது கடினமாகும். அந்த வேறுபாட்டை அளந்தால் மார்பு எத்தனை முறை விம்மிற்று, நாடி எப்படித் துடித்தது, விரல் எப்போது மடங்கிற்று என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

பால் வெட்டிப் பிழைத்த குடும்பத்தாருக்கு இதைப் படிக்கையில் சற்றே பெருமிதம் உண்டாவது இயற்கை. ஆனால் நம் பாலுக்கும் ஒரு குறை உண்டு. அதிலுள்ள புரதம் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. தோலில் நாள்கணக்கில் ஒட்டியிருக்க வேண்டிய கருவிகளுக்குச் சிலிக்கோன் போன்ற செயற்கைப் பொருள்களையே பலரும் நாடுகின்றனர். 2011-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழுவினர் செய்த ஒட்டு, தலைமயிரைவிட மெல்லியது. தோலோடு படிந்து இருதயத் துடிப்பைச் சொல்லிற்று. சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் 14 நாள் வில்லைகள் இன்று விற்பனைக்கே வந்துவிட்டன.

இதெல்லாம் தோட்டத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். வெயிலுக்காகத்தான். பகல் வெயிலில் செம்பனைக் குலை தூக்குபவரின் உடற்சூடு 40 டிகிரிக்கு மேல் ஏறினால் உயிருக்கே ஆபத்து. அந்நிலை வருமுன்பே ஒரு பட்டை எச்சரிக்குமானால் அதை நாம் மனமார வரவேற்போம்.

ஆனால் இவ்வரிகளை எழுதுபவர் செக்ரோல் எழுதும் கிராணி. ஏட்டில் ஏறிய எண் பிறகு என்ன வேலை செய்யும் என்பது நமக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் காட்டில் மயங்கி விழுந்த ஒருவரைத் தூக்கிவந்து நிழலில் கிடத்தினார்கள். அன்று அவர் பெயருக்கு நேரே அரை நாள் என்று எழுதியது இந்தக் கைதான். மயக்கத்துக்கு அந்த ஏட்டில் கட்டம் இல்லை. அரை நாளுக்கு இருந்தது.

நாளை மார்பில் பட்டை கட்டினால் மயக்கத்துக்கும் கட்டம் வந்துவிடும். அதை வாசிப்பவர் யார்? மருத்துவர் வாசித்தால் ஓய்வு கிடைக்கும். நிர்வாகம் வாசித்தால், இவருக்கு இருதயம் பலவீனம், இனி வேலைக்கு வேண்டாம் என்று முடியலாம். மூச்சை எண்ணும் அதே ரப்பர்தான், கை பத்து நிமிஷம் அசையாமல் நின்றதையும் எண்ணும் என்பதை மறக்கலாகாது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரங்களை நுட்பமானவை என்று பிரித்து, வெளிப்படையான சம்மதம் கேட்கிறது. ஆனால் பெரட்டுக் களத்தில் நீட்டப்படும் தாளில் கையெழுத்திட மறுக்கும் தைரியம் எத்தனை பேருக்கு உண்டு? வேலை பெர்மிட்டுக்கு முதலாளியையே நம்பியிருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழருக்கு அது சம்மதம் ஆகுமா?

தோலின் நிறமும் இதில் ஒரு வழக்கு. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி ஒளி பாய்ச்சி அளப்பது. இரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்ததை அது காணத் தவறியது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ 3 மடங்கு அதிகம் என்று அமெரிக்க மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020-இல் வெளியிட்டனர். ஒளியால் அளக்கும் பட்டைகளைக் கறுத்த தோலில் சோதிக்காமல் கொண்டுவந்தால், சுகம் என்று சொல்லி நம்மவரை வெயிலுக்கே திருப்பி அனுப்பும்.

ஆகவே பட்டை வருமுன் ஷரத்து வரவேண்டும். அளவு முதலில் தொழிலாளிக்கும் மருத்துவருக்குமே போகவேண்டும், செக்ரோலுக்கு வரலாகாது. கழற்றி வைத்ததற்குத் தண்டனை கூடாது. நிழலுக்கும் தண்ணீருக்கும் எந்தக் கருவியும் தேவையில்லை என்பதையும் அப்பேச்சிலேயே சொல்லியாக வேண்டும். தங்கள் தோட்டத்தில் இத்தகைய கருவி ஏதேனும் சோதனைக்கு வந்திருப்பின், கிளைச் செயலாளர்கள் தாமதியாமல் எழுதுக.